துரை சாப்பிடாத ஆறு நாட்கள்

உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மதியம் மூன்று மணி. மே மாத வெயிலில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் என் பெட்டியையும் முதுகுப் பையையும் ஏற்றினேன். என் மொத்தக் குடித்தனமும் அவ்வளவுதான்.

என் தொழிலைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். வெளியூர் போகிறவர்களின் வீட்டில் தங்கி, அவர்கள் திரும்பும்வரை நாயையோ பூனையையோ பார்த்துக்கொள்வேன். அவர்கள் வந்ததும் அடுத்த வீடு. அம்மா இறந்தபின் வாடகை வீட்டைக் காலி செய்தேன். ஒன்பது வருடமாக எனக்கென்று ஒரு சாவி கிடையாது. நாற்பத்தியொரு வீடுகள் பார்த்துவிட்டேன். யார் வீட்டு மிக்ஸி எப்படி முரண்டு பிடிக்கும், யார் வீட்டுப் பூனை எந்த அலமாரிக்குள் ஒளியும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கர்வம் உண்டு. என் கையில் ஒரு பிராணிகூடச் செத்ததில்லை. வாங்கின உயிரை உயிராகவே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். சொந்தமாக எதுவும் இல்லாதவளுக்கு அது ஒன்றுதான் சொத்து.

பஞ்சாட்சரம் ஐயாவின் வீடு ஊர்க் கடைசியில், வயலை ஒட்டி இருந்தது. முன்பக்கம் டைல்ஸ் போட்டுப் புதிதாக்கியிருந்தார்கள். பின்கட்டு மட்டும் பழையபடி ஓடு வேய்ந்து, தாழ்வான நிலையும் கருங்கல் படியுமாக இருந்தது. மெல்பர்னில் மகள் சுதாவுக்குப் பிரசவம். விமானம் பிடிக்கும் அவசரத்தில் கார் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

"சுகிர்தாதானே? வாம்மா," என்றார் அவர் மனைவி சுலோச்சனா. "பேச நேரமில்ல. எல்லாத்தையும் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிக்கீறேன். இருவத்திநாலு நாளு. துரைய பாத்துக்கோ. எங்க வேலையாளு வெச்ச பேரு அது."

துரை பின்வாசல் ஓரம் படுத்திருந்தான். கறுப்பு நாட்டு நாய். மூக்கைச் சுற்றி நரைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, இவளும் ஒருத்தியா என்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

புது வீட்டில் முதல் வேலையாக நான் ஒன்று செய்வேன். அந்தப் பிராணி யாரிடம் அதிகப் பாசமாக இருக்குமோ அவருடைய துவைக்காத துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் படுக்கையில் போடுவேன். வாசனை இருந்தால் ஏக்கம் குறையும். இதுவரை ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

"துவைக்காததா? பின்னால மாட்டுக் கொட்டாய்ல ஆணியில ஏதாவது மாட்டியிருக்கும், எடுத்துக்கோம்மா," என்று சொல்லிக்கொண்டே சுலோச்சனா காரில் ஏறினார்.

மாடுகளை விற்றுவிட்டிருந்தார்கள். காலிக் கொட்டகையில் தூணுக்குப் பின்னால் ஒரு நீலக்கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை தொங்கியது. காலர் கறுத்து, வியர்வை காய்ந்து, அட்டை மாதிரி விறைத்திருந்தது. பீடி வாசனை. வயலுக்குப் போகும்போது ஐயா போடும் சட்டை போலிருக்கிறது என்று நினைத்து எடுத்து வந்தேன். அவர் கார் ஏறும்போது பக்கத்தில்தான் நின்றேன், அவரிடம் பீடி வாசனையே இல்லை. அது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சட்டையை மடித்துப் பின்வாசலுக்கு உள்பக்கம் போட்டேன். துரை மெல்ல எழுந்து வந்தான். மூக்கை வைத்தான். அவன் உடம்பு முழுவதும் நடுங்கியது. பிறகு முகத்தைச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு, குட்டி நாய் அழுவதுபோல ஒரு சத்தம் போட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு போட்டோ எடுத்துச் சுலோச்சனாவுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் திடீரென்று எழுந்து உட்கார்ந்தான்.

பின்கதவு திறந்திருந்தது. வெளியே படி, படிக்கு அப்பால் துணி துவைக்கும் கல், வேலி, அறுவடை முடிந்த வயல். தூரத்தில் மோட்டார் கொட்டகை. யாரும் இல்லை. ஆனால் துரையின் வால் தரையில் பட் பட்டென்று அடித்தது.

நாய் ஒருவரின் முகத்தைப் பார்க்க எவ்வளவு தலையைத் தூக்கும் என்பது எனக்கு அத்துப்படி. குழந்தையைப் பார்க்கும் தலை வேறு, உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும் தலை வேறு. துரை பார்த்தது, படிக்கு வெளியே ஓர் அடி தள்ளி நிற்கும் ஐந்தரை அடி ஆளை.

கதவைச் சாத்தினேன். அவன் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை.

தாளில் எழுதியிருந்தபடி கோழிக்கறியும் சோறும் பிசைந்து வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டானே தவிர வாய் வைக்கவில்லை. தட்டைப் பார்ப்பான், பிறகு நிமிர்ந்து வெளியே பார்ப்பான், மறுபடி தட்டைப் பார்ப்பான். பந்தியில் பக்கத்து இலைக்காரர் உட்காரட்டும் என்று காத்திருப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். தட்டை வெளியே கொண்டுபோய் வைத்தேன். அவன் படியை விட்டு நகரவில்லை. பால், முட்டை, கருவாடு எல்லாம் வைத்துப் பார்த்தேன். கெஞ்சினேன், திட்டினேன், கடைசியில் என் கையால் ஊட்டினேன். வாயில் வைத்ததை நாகரிகமாகத் தரையில் துப்பினான்.

மூன்றாம் நாள் கால்நடை டாக்டர் வினோத்குமார் பைக்கில் வந்தார். காய்ச்சல் இல்லை, வயிறு நன்றாக இருக்கிறது, பல்லும் நன்றாக இருக்கிறது என்றார். டிரிப் ஏற்றினார்.

"ஏக்கம்தாங்க. வீட்டுக்காரங்க வந்தா சரியாப்பூடும்."

"அவங்க வர இன்னும் மூணு வாரம் இருக்கு டாக்டர்."

"அவ்ளோ நாள் தாங்காதே," என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

பஞ்சாட்சரம் ஐயாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். பதில் வந்தது. "பன்னெண்டு வயசு நாய்மா. ஆனது ஆவட்டும். நீ மனச போட்டுக் கொழப்பிக்காத." அவருக்கென்ன, ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. தடவினால் கையில் எலும்பு தட்டுப்படுகிற உயிர் என் மடியில் அல்லவா கிடக்கிறது.

நான்காம் நாள் மாலை, பின்கட்டில் மழை வாசனை வந்தது.

வானத்தில் ஒரு மேகமில்லை. இரண்டு மாதமாகச் சொட்டு விழாத ஊர். ஏரிக்குள் ஆடு மேய்கிறது. ஆனால் புது மழை மண்ணில் விழுந்த அந்த வாசனை, அதோடு பீடி, அதற்கும் அடியில் ஒயர் பொசுங்கிய நாற்றம்.

படிக்கு வெளியே, வெயிலில் வெடித்த சிமெண்டில் ஈரம் இருந்தது. இரண்டு பாதம் வைத்து நிற்கிற அளவுக்கு ஈரம்.

துணி கொண்டுவந்து துடைத்தேன்.

திரும்பி உள்ளே போய்த் துணியைப் பிழிந்துவிட்டு வந்து பார்த்தேன். அதே இடத்தில் அதே ஈரம். துரை அதன் மேல் பார்வையை வைத்துப் படுத்திருந்தான். வால் மட்டும் ஒருமுறை அசைந்தது. எழுந்து உட்காரக்கூட அவனுக்குச் சக்தி இல்லை.

ஓடிவிடலாமா என்று நினைக்காமல் இல்லை. எங்கே ஓடுவது? அடுத்த வீட்டுக்காரர்கள் கிளம்ப இன்னும் இருபது நாள் இருந்தது. நான் போனால் இவனை யார் பார்ப்பார்கள்? பயந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அழுதேன்.

ஐந்தாம் நாள் காலை செவ்வந்தி வந்தாள். வாரம் ஒருமுறை வாசல் பெருக்க வருவாள், பின்பக்கமாகத்தான் வருவாள் என்று தாளில் எழுதியிருந்தது. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தவள், துரை கிடந்த கோலத்தைப் பார்த்து "அடப் பாவமே" என்றாள். பிறகு அவனுக்கு அடியில் இருந்த சட்டையைப் பார்த்தாள். கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது.

"இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீற! இது ஏது ஒனக்கு?"

"கொட்டகையில இருந்தது. ஐயாவோட சட்டைதானே?"

"எங்க வூட்டுக்காரரு சட்டைம்மா இது. அவரு செத்து ஏழு மாசம் ஆவுது."

அவள் படிக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தாள். சட்டையைத் தொடவில்லை.

"துணிமணி எல்லாத்தையும் சுடுகாட்டாண்ட கொண்டும்போயி போட்டுட்டோம். ஒண்ணுகூட வெச்சிக்கக் கூடாது, வாசனைக்கு வந்துருவாங்கன்னு சொல்லுவாங்க. இது ஒண்ணுதான் ஆப்டல. நானும் தேடிக்கினே இருந்தேன்."

நான் நடந்ததைச் சொன்னேன். ஈரத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் கணவன் பெயர் வேதகிரி. இருபத்திரண்டு வருடம் இந்த வீட்டில் வேலை செய்தவன். துரையைக் குட்டியாக ஏரிக்கரையிலிருந்து தூக்கிவந்து வளர்த்தது அவன்தான். மதியச் சோற்றைச் சுலோச்சனா படிக்கு உள்ளே நின்று போடுவார், அவன் படிக்கு வெளியே உட்கார்ந்து வாங்கிக்கொள்வான். முதல் கவளம் துரைக்கு, இரண்டாவது அவனுக்கு. வேதகிரி வாய் வைக்காமல் துரை அடுத்த கவளத்தைத் தின்ன மாட்டானாம்.

"உள்ள வந்து சாப்பிட மாட்டாரா?"

செவ்வந்தி என்னைப் பார்த்தாள். இது எங்கிருந்து வந்த பெண் என்று அந்தப் பார்வை கேட்டது.

"நாங்க எங்கம்மா உள்ள போறது? இருவத்திரெண்டு வருசம், இந்தப் படிய தாண்டினது கெடயாது."

அப்புறம், கேட்காமலே மீதியைச் சொன்னாள். ஐப்பசி அடைமழையில் மோட்டார் கொட்டகையில் அவனுக்குக் கரண்ட் அடித்தது. உயிர் இருந்தது. நான்கு பேர் தூக்கிவந்து இந்தப் பின்வாசலில் கிடத்தினார்கள். வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள், மேலே போர்த்த ஒரு சாக்கும் கொடுத்தார்கள்.

"மள ஊத்திக்கினு கீது. கண்ணு தொறந்துதான் இருந்துது. கதவையே பாத்துக்கினு இருந்தாரு. ஒருத்தராவது உள்ள தூக்கியாந்து படுக்க வைங்கன்னு சொல்லுவாங்கன்னு நானும் பாத்தேன். அம்மா நல்லவங்கதான், அளுதுக்கினுதான் இருந்தாங்க. ஆனா சொல்லல. நானும் வாய் தொறந்து கேக்கல பாரு." அவள் தரையை அறைந்தாள். "நானும் கேக்கல!"

வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

சட்டையை ஒரு குச்சியால் எடுத்துப் போனாள். சுடுகாட்டில் கற்பூரம் வைத்துக் கொளுத்திவிட்டு மாலை திரும்பி வந்தாள். இருவரும் பின்வாசலில் காத்திருந்தோம். நான் படிக்கு உள்ளே, அவள் வெளியே.

ஆறு மணிக்கு மழை வாசனை வந்தது.

"வந்துட்டியா?" என்று அவள் கிசுகிசுத்தாள். "வாய்யா, நம்ம வூட்டுக்குப் போலாம். ஒனக்கு வாளைக்காக் கொளம்பு வெச்சிக்கீறேன். வா."

சிமெண்டில் இரண்டு ஈரப் பாதங்கள் தோன்றின. அவள் பக்கம் திரும்பவில்லை. விரல்கள் கதவை நோக்கியே இருந்தன.

செவ்வந்தி வெகுநேரம் கூப்பிட்டாள். கெஞ்சினாள், கோபப்பட்டாள், பிள்ளைகளின் பெயரைச் சொன்னாள். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வேலியைத் தாண்டிப் போனாள்.

ஆறாம் நாள் டாக்டர் வந்தார். ஊசி ஏறவில்லை, நரம்பு கிடைக்கவில்லை. "சாயந்திரம் தாண்டாதுங்க," என்றார்.

துரையை மடியில் போட்டுக்கொண்டு படிக்கு உள்ளே உட்கார்ந்தேன். பக்கத்தில் தட்டில் சோறு. அவன் மூச்சு விடும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைப்பேன், மறுபடி விலா அசையும். வெளியே வெயில் சாய்ந்தது. வயலில் யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போனார்கள், மணிச் சத்தம் கேட்டுத் தேய்ந்தது.

மழை வாசனை வந்தது.

துரையின் கண் திறந்தது. அந்த உயரத்தைப் பார்த்தது.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. இந்த நாயைக் கொல்ல வேதகிரி வரவில்லை. கூட்டிப்போகவும் வரவில்லை. கதவு திறக்குமா என்று நின்றுகொண்டிருக்கிறான், அவ்வளவுதான். அவன் சாப்பிட உட்காராததால் நாயும் சாப்பிடவில்லை.

என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்காரர் வரும்வரை வெளியாள் யாரையும் உள்ளே விடக்கூடாது. நாற்பத்தியொரு வீட்டிலும் நான் அதை மீறியதில்லை. இது என் வீடும் இல்லை. யாரையும் உள்ளே அழைக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் மடியில் விலா எலும்பு அசைவது நின்றிருந்தது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

"உள்ள வாங்கண்ணா," என்றேன்.

குரல் எழவில்லை. மறுபடி சொன்னேன். "மழையில நிக்காதீங்க. உள்ள வாங்க. வந்து சாப்பிடுங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

கருங்கல் படியில் ஒரு ஈரப் பாதம் விழுந்தது.

அடுத்த பாதம் உள்ளே, சிவப்புத் தரையில் விழுந்தது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. குளிர்ந்த ஏதோ ஒன்று என்னைக் கடந்து போனது. என் தோளில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. தரை வட்டமாக, ஒரு ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்த அளவுக்கு நனைந்தது. நான் மூச்சுவிடவில்லை. என் மடியில் இருந்தவன்தான் மூச்சுவிட்டான்.

துரை என் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, வயிற்றால் நகர்ந்து போய்த் தட்டில் வாய் வைத்தான். ஒரு வாய் தின்றான். நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தான். பிறகு இன்னொரு வாய். தட்டு காலியாகும்வரை அப்படியே தின்றான்.

மறுநாள் காலை செவ்வந்தி வந்தபோது துரை நின்றுகொண்டிருந்தான். நான் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"நீயா கூப்ட்ட?"

"வேற வழி தெரியலக்கா."

"இது ஒன் வூடு இல்லியேம்மா. அம்மா கூப்ட்டிருந்தா இந்த வூட்டோட நின்னுருப்பாரு. நீ இன்னும் பதினேளு நாள்ல பொட்டியத் தூக்கிக்கினு போறவ. கூப்ட்டவங்க பின்னாலதானே வருவாரு?"

நான் திரும்பி உள்ளே, சிவப்புத் தரையைப் பார்த்தேன்.

"போகச் சொல்லட்டுமா?"

"உள்ள வந்தவர வெளிய போன்னு சொல்லப் போறியா நீயும்?" அவள் கண் நிறைந்துவிட்டது. "ஏளு மாசமா நான் கூப்புடறேன். ஒம் பின்னால வராரு பாரு. போ. நல்லா பாத்துக்கோ."

அதற்குப் பிறகு அவள் நான் இருந்தவரை அந்த வீட்டுக்கு வரவில்லை.

பஞ்சாட்சரமும் சுலோச்சனாவும் திரும்பி வந்தார்கள். துரை தேறியிருப்பதைப் பார்த்து, "ஒங் கைராசிம்மா," என்றார் சுலோச்சனா. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். துரை பஸ் நிறுத்தம்வரை வந்தான். என் பக்கத்தில் வரவில்லை. எனக்கு இடதுபுறம் ஒரு ஆள் நடக்கும் இடத்தை விட்டு, அதற்கு அந்தப் பக்கம் வந்தான். பஸ் கிளம்பியதும் நடு ரோட்டில் உட்கார்ந்து ஊளையிட்டான்.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பேய்க்கு ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டை விட்டு ஓடிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பார்கள். எனக்கு வீடே இல்லை. எங்கிருந்து ஓடுவது? ஒவ்வொரு புது வீட்டிலும் வீட்டுக்காரர்கள் கிளம்பிய பிறகு, வாசல் கதவைத் திறந்து வைத்து, "உள்ள வாங்கண்ணா" என்று நான் சொல்லியாக வேண்டும். மாதவரத்தில் ஒருமுறை சொல்லாமல் இருந்து பார்த்தேன். அங்கே ஒரு கிழட்டு முயல். இரண்டாவது நாள் அது தின்பதை நிறுத்தியது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

இப்போது பழையசீவரம் பக்கத்தில் ஒரு டீச்சர் வீட்டில் இருக்கிறேன். நேற்று வந்தேன். டீச்சரின் அப்பா கடைசி நேரத்தில் பயணம் வேண்டாம் என்று தங்கிவிட்டார். பகல் முழுவதும் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் காலிக் கதவைப் பார்த்து நான் எதைச் சொல்வது? சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பூனை நேற்று இரவும் சாப்பிடவில்லை, இன்று காலையும் சாப்பிடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து வெளியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

சற்று முன் பெரியவர் குளிக்கப் போனார். நான் கதவருகே போய், மெதுவாகச் சொன்னேன்.

பூனை எழுந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு இரண்டடி உள்ளே வந்து, வெறும் காற்றில் உடம்பைச் சாய்த்து உரசியது. காற்று விலகவில்லை. ஒரு காலில் உரசும்போது அமுங்குவது போல அதன் முடி ஒரு பக்கமாக அமுங்கியது. பிறகு அது சாப்பிடப் போனது.